மூணு வருசத்துக்கு ஒரு பையன்

விருதுநகரில் நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசி விநாடிகளில், அணி ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, தருண்குமார் பந்தைக் கூடைக்குள் போடவில்லை. பக்கவாட்டில் நின்ற ஹரிஷ்குமாருக்குக் கொடுத்தான். ஹரிஷ்குமார் போட்டான். பந்து வளையத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வெளிப்பக்கமாக விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள். எதிரணியான எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள்.

முன்வரிசையில் இருந்த சங்கரலிங்கம் நாற்காலியை விட்டு எழவில்லை. சிவகாசியில் பொன்மயில் பட்டாசுக் கம்பெனி அவருடையது. தோற்ற கூடைப்பந்து அணியும் அவருடையதுதான். ஜெயித்து ஊருக்குள் நுழையும்போது கொளுத்துவதற்கென்று வேன் நிறையச் சரவெடி ஏற்றி வந்திருந்தார். அதை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்க் குடோனில் இறக்க வேண்டியதாகிவிட்டது. இறக்கிய லோடுமேன் ஒருவர் வேறு, "என்ன முதலாளி, எல்லாம் நமுத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டார்.

தோல்வியை அவர் ஹரிஷ்குமார் கணக்கில் எழுதவில்லை. அவன் போட்டான், விழவில்லை, அவ்வளவுதான். தருண்குமார் ஏன் போடவில்லை? அதுதான் அவருக்குச் சோறு இறங்காமல் செய்தது.

தருணுக்கு இருபத்தொரு வயது. மல்லாங்கிணற்றுப் பையன். ஆறடி நாலங்குலம். கம்பெனி ஆபீஸ் வாசலில் குனிந்துதான் நுழைவான். குனிய மறந்த நாளில் நெற்றியில் புடைப்போடு உட்கார்ந்திருப்பான். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவன். அது ஜூன் மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா, நன்றி சொல்லி அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

"இதுல யோசிக்கிறதுக்கு என்னப்பா இருக்கு?" என்றாள் ஆர்த்தி. சங்கரலிங்கத்தின் இளைய மகள். எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து கம்பெனியின் விளம்பரத்தையும் கூடவே அணியையும் கவனித்துக்கொண்டிருந்தாள். "நம்ம டீமே அவனாலதான் ஓடுது. நாம விட்டோம்னா நாளைக்கே வேற எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்."

"பந்தைப் போடத் தெரியாதவனைத் தூக்கிட்டுப் போயி என்ன செய்வான்?"

"அவன் பாஸ் குடுத்துத்தான் மத்த எல்லாரும் போடுறாங்க."

"அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் இருக்கான்ல, அவன் கையில பந்து போனா திரும்பி வராதாம். எனக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும்."

ஆர்த்தி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். பச்சையும் மஞ்சளுமாகக் கட்டங்கள் இருந்தன. சங்கரலிங்கம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல அவன் மனசு எங்கன இருக்கு?"

"மனசுக்குக் கட்டம் இல்லப்பா."

"அப்போ நான்தான் பார்க்கணும்."

சங்கரலிங்கத்துக்கு ஆட்களை எடைபோட ஒரு வழிதான் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. ஏஜெண்டு வைப்பதென்றாலும், போர்மேன் வைப்பதென்றாலும், மூத்த மகளுக்கு மாப்பிள்ளை எடுப்பதென்றாலும், சொல்லாமல் கொள்ளாமல் போய் வீட்டுக்குள் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. இதுவரை அது அவரைக் கைவிட்டதில்லை. அவருடைய மனைவி மூத்த மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தார். இருந்திருந்தால், புறப்பட்டுப் போகிற நாள் எப்படிப்பட்ட நாள் என்றாவது சொல்லியிருப்பார்.

அது வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை முகூர்த்தம். வழியெல்லாம் மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் போகக் கூடாது என்று டிரைவர் நாகையா விருதுநகரில் காரை நிறுத்தி இரண்டு சீப்பு வாழைப்பழம், ஆப்பிள், ஒரு கட்டு வெற்றிலை, மல்லிகைப்பூ எல்லாம் வாங்கிவந்தார்.

"பூ எதுக்கு நாகையா?"

"வீட்டுல பொம்பளையாளு இருப்பாகல்ல முதலாளி? கடைக்காரரே சேர்த்து வச்சுக் கட்டிட்டாரு."

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தருணின் அப்பா ராஜபாண்டியனுக்கு மல்லாங்கிணற்றுக் கடைத்தெருவில் மளிகைக் கடை. ஞாயிறு மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து பனியனோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி செல்லக்கனி நாட்டுக்கோழிக் குழம்பைக் கொதிக்க வைத்திருந்தார். வாசலில் பெரிய கார் வந்து நின்று, அதிலிருந்து மகன் வேலை பார்க்கும் கம்பெனி முதலாளி இறங்கி, அவர் பின்னாலேயே பழமும் பூவும் வெற்றிலையுமாக டிரைவர் இறங்கியபோது, எதிர்வீட்டு ஜன்னல் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தன.

"வாங்க அண்ணாச்சி, வாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." ராஜபாண்டியன் சட்டையைத் தேடினார்.

"சொல்லிட்டு வந்தா நீங்க எல்லாத்தையும் ஜோடிச்சு வச்சிருவீக. உள்ளது உள்ளபடி பார்க்கணும்ல?" சங்கரலிங்கம் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தார். "தம்பி விஷயமா ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு. எம் மக அவன்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. எனக்குத்தான் ஒரு சின்னத் தயக்கம். அதான், குடும்பத்தை ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துருவோம்னு."

சட்டையில் ஒரு கையை நுழைத்திருந்த ராஜபாண்டியனுக்கு மறு கையை நுழைக்க மறந்துபோனது. அடுக்களை வாசலில் நின்ற செல்லக்கனி நிலையைப் பிடித்துக்கொண்டார். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர் தன் மகளுக்கு நம் பிள்ளையைக் கேட்டு வந்திருக்கிறார்! நம்ம சனம்தான், வசதியில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது. கண்ணில் நீர் திரண்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"கேளுங்க அண்ணாச்சி. எது வேணும்னாலும் கேளுங்க."

"கோவம் வருமா தம்பிக்கு?"

"ஐயோ, வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது."

சங்கரலிங்கத்தின் முகம் வாடியது. "கொஞ்சமாச்சும் வர வேணாமா? எதிர்ல நிக்கிற ஆளு இடிச்சா, திருப்பி ஒரு இடி இடிக்க வேணாமா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'பொண்ணு கொஞ்சம் முரடோ?' என்றது செல்லக்கனியின் பார்வை. 'பெரிய இடத்துல அப்படித்தான்' என்றது ராஜபாண்டியனின் பார்வை.

"பரம்பரையில யாருக்காச்சும் முட்டுவலி உண்டா?"

செல்லக்கனிக்கு இரண்டு முட்டிலும் வலி. ஆனால் கேள்வி வந்த மாத்திரத்தில் சடக்கென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினார். "எங்க வீட்டுல அந்தப் பேச்சே கெடையாது அண்ணாச்சி."

"நல்லது. இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாறேன்." சங்கரலிங்கம் முன்னால் சாய்ந்தார். "கைக்கு ஒண்ணு வந்துச்சுன்னா, தம்பி அதைத் தானே வச்சுக்கிடுவானா, இல்ல, அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுத்துருவானா?"

செல்லக்கனிக்கு முகம் மலர்ந்தது. பிள்ளையின் குணத்தைச் சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது? "அதை ஏன் கேக்கீக. சின்னதுல தீவாளிக்கு இவுக வாங்கியாற வெடியெல்லாம் தெருப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு வெறுங்கையோட வந்து நிக்கும். பளம் வாங்கிக் குடுத்தா ஊருக்கெல்லாம் பங்கு வச்சிட்டுத் தொலியைத்தான் கொண்டாரும்."

"நெனைச்சேன்," என்றார் சங்கரலிங்கம் வேதனையோடு. "பொறப்புலயே இருக்கு."

"ஆமாண்ணாச்சி, பொறவிக் குணம்," என்றார் செல்லக்கனி பெருமையோடு.

ராஜபாண்டியன் தொண்டையைச் செருமினார். "அப்போ, எப்படி... எப்ப வச்சுக்கிடலாம்னு நினைக்கீக?"

"ஜூன் கடைசிக்குள்ள முடிச்சாகணும். முடிவாச்சுன்னா மூணு வருசத்துக்குப் போடலாம்னு மக சொல்லுதா."

"மூணு வருசத்துக்கா?"

"ஆமா. மூணு வருசம் அங்கன எங்ககூடத்தான் இருக்கணும். தங்குறது, சாப்பாடு எல்லாம் நம்ம பொறுப்பு. அதுக்குப் பெறகு ரெண்டு பக்கமும் ஒத்துவந்தா நீட்டிச்சுக்கிடுவோம். இல்லைன்னா தம்பி அவன் வழியைப் பார்த்துக்கிடலாம். நான் மறிக்க மாட்டேன்."

செல்லக்கனிக்குத் திக்கென்றது. ராஜபாண்டியன் அவசரமாக அவர் காதில் குனிந்தார். "வீட்டோட மாப்பிள்ளையா மூணு வருசம் இருக்கணும்கிறாரு. அப்புறம் தனிக்குடித்தனம் போயிக்கிடலாமாம். பெரியவுக நாசூக்காச் சொல்லுதாக." அதைக் கேட்டுத்தான் செல்லக்கனிக்கு மூச்சு திரும்பியது. மூணு வருசம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

"அப்போ ஒரு வாய் கை நனைச்சுட்டுத்தான் போகணும் அண்ணாச்சி."

சம்பந்தம் பேசப் போன வீட்டில் சம்மதமென்றால்தான் கை நனைப்பார்கள். சங்கரலிங்கம் தான் சம்பந்தம் பேச வந்திருப்பதை அறியாததால் அதைப்பற்றி யோசிக்கவில்லை. குழம்பு வாசனை வேறு வெகுநேரமாக அவரைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. உட்கார்ந்தார். கை நனைத்தார். இரண்டாம் தடவை சோறு வாங்கி, ஈரலைத் தனியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இலையை அவர் தன் பக்கமாக மடித்தபோது செல்லக்கனி சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

திரும்பி வருகிற வழியில் நாகையா மெதுவாக ஆரம்பித்தார். "முதலாளி, அந்தம்மா எங்கிட்ட நம்ம ஆர்த்தி பாப்பாவுக்கு என்ன நட்சத்திரம்னு கேட்டாக. உத்திரட்டாதினு சொன்னேன். எதுக்குக் கேட்டாகன்னுதான் புரியல."

பின்சீட்டிலிருந்து குறட்டைதான் பதிலாக வந்தது.

அந்த வாரம் முழுக்க சங்கரலிங்கம் முடிவெடுக்கவில்லை. கோழிக் குழம்பு ஒரு பக்கமும் வெறுங்கையோடு வந்து நின்ற சிறுவன் ஒரு பக்கமும் இழுத்தன. ஆர்த்தி கேட்கும்போதெல்லாம் "பார்ப்போம்" என்றார். மல்லாங்கிணற்றில் இப்படித் தாமதம் எதுவும் இல்லை. செல்லக்கனியின் தம்பி சீனிவாசகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையே தகவல் போனது. அவருக்குத் தெரிந்தால் காரியாபட்டி வரைக்கும் தெரிந்த மாதிரி. தருணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கூச்சப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவான் என்று செல்லக்கனி தடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை சங்கரலிங்கத்தின் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ராஜபாண்டியன் புது வேட்டியில் இறங்கினார். செல்லக்கனி பட்டுச்சேலையில் இறங்கினார். சீனிவாசகம் பக்கவாட்டில் திரும்பி இறங்கினார். நேராக இறங்கினால் வேன் கதவுக்கு அவர் உடம்பு கொள்ளாது. ஆளுக்கொரு தாம்பாளம். பழம், கல்கண்டு, சீரணி மிட்டாய், பூ.

சங்கரலிங்கம் ஊருக்கு வெளியே பேக்டரியில் இருந்தார். ஆர்த்தி போன் செய்தாள். "தருண் வீட்டுல இருந்து வந்திருக்காங்கப்பா."

"நல்லவுக. உக்கார வச்சுப் பேசிட்டு இரு. வந்துட்டேன்."

ஒப்பந்த விஷயம் கேட்கத்தான் நல்ல நாள் பார்த்து வந்திருக்கிறார்கள் என்று ஆர்த்தி நினைத்துக்கொண்டாள். காபி கொண்டுவரச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். செல்லக்கனி அவளைத் தலையிலிருந்து கால்வரை ஆசையாகப் பார்த்தார்.

"அப்பா உங்க வீட்டுக்கு வந்ததே எனக்குப் பெறகுதான் தெரியும் ஆன்ட்டி. நான் ரெண்டு வருசமாச் சொல்லிட்டு இருக்கேன், தருணை விட்டுறக் கூடாதுனு."

"ரெண்டு வருசமாவா தாயி?"

"முதல் நாள் கோர்ட்ல பார்த்தப்பவே முடிவு பண்ணிட்டேன்."

ராஜபாண்டியன் மின்விசிறியைப் பார்த்தார். சீனிவாசகம், "இந்தக் காலத்துப் பிள்ளைக வெளிப்படை," என்று பொதுவாகச் சொன்னார்.

"ஆனா அப்பாவுக்கு ஒரு கோயம்புத்தூர்ப் பையன் மேல கண்ணு. அடுத்த வாரம் அவனையும் வரச் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சுப் பார்க்கணுமாம்."

செல்லக்கனி கையிலிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

"எனக்கென்னமோ ரெண்டு பேரையுமே வச்சுக்கிட்டா நல்லதுன்னு தோணுது," என்றாள் ஆர்த்தி, காசு யோசனையெல்லாம் இல்லாத உற்சாகத்தோடு. "ஆளுக்குப் பாதி நேரம். ஒருத்தர் களைச்சுட்டா இன்னொருத்தர்."

"சிவ சிவா!" என்றார் சீனிவாசகம்.

"போன வருசம் ஒரு பஞ்சாப்காரரைக் கூட்டிட்டு வந்தோம். நல்ல உயரம். நாலு மாசம் இருந்தாரு. நம்ம சாப்பாடு ஒத்துக்கல, அனுப்பிச்சுட்டோம்."

செல்லக்கனி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. "எந்திரிங்க. தட்டையெல்லாம் எடுங்க. போவோம்."

சங்கரலிங்கம் அந்த நேரத்தில்தான் உள்ளே நுழைந்தார். "என்ன தங்கச்சி, அதுக்குள்ள கெளம்பிட்டீக?"

"நீங்க பெரியவுகன்னு நம்பித்தான அண்ணாச்சி வந்தோம்? மூணு வருசம் வீட்டோட இருக்கணும்னீக, சரின்னோம். இங்கன வந்தா கோயம்புத்தூருங்கா, பஞ்சாபுங்கா, ஆளுக்குப் பாதி நேரம்ங்கா. எம் பிள்ளை என்ன, போட்டுப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுக்குற ரெடிமேட் சட்டையா? அவனுக்கு உங்க மகளைக் கட்டிக் குடுக்கலைன்னா கொறைஞ்சா போயிருவான்?"



"கட்டிக் குடுக்கவா?" என்றார் சங்கரலிங்கம். "யாரை? யாருக்கு?"

பழத் தட்டையும், பட்டுச் சேலையையும், மகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தான் சொன்னதெல்லாம் ஒன்றொன்றாக அவர் காதில் திரும்ப ஒலித்தது. ஈரலைக் கேட்டு வாங்கியதும் ஞாபகம் வந்தது. அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பந்து விளையாட்டுக்குல்லா கேட்டேன்! காண்ட்ராக்ட்டு, தங்கச்சி! டீமுக்கு!"

"முட்டுவலி கேட்டீகளே?"

"ஓடணும்ல?"

"அடுத்தவனுக்குக் குடுப்பானான்னு கேட்டீகளே?"

"பந்தை!"

ஆர்த்திக்கு அப்போதுதான் விளங்கியது. தான் சொன்னதையெல்லாம் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பஞ்சாப்காரரிடம் வந்தபோது முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று செல்லக்கனி பயந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, எனக்கு உயரம் அஞ்சடி. உங்க பையன்கிட்ட டீம் விஷயம் பேசிட்டு வந்தாலே ராத்திரி கழுத்துக்குத் தைலம் தேய்க்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜபாண்டியன் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். புது வேட்டியின் கரை மினுங்கியது. அவரைப் பார்த்த சங்கரலிங்கத்துக்கு உள்ளுக்குள் என்னவோ போல் ஆகிவிட்டது. வாழ்க்கையில் ஆர்டர் ரத்தானதுண்டு, மழையில் சீசன் போனதுண்டு. ஒரு மனிதனை இப்படித் தட்டோடு உட்கார வைத்ததில்லை.

காலைப் பயிற்சி முடிந்து வியர்வையோடு தருண் வந்தது அந்த நேரம். வாசல் நிலையில் குனிந்து நிமிர்ந்தவன் தன் குடும்பத்தைக் கண்டு திகைத்தான். "எம்மா? இங்கன என்ன செய்யுறீக? யாருக்குக் கல்யாணம்?"

சீனிவாசகம் சுருக்கமாகச் சொன்னார். சுருக்கமாகச் சொன்னதிலேயே தருணின் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆர்த்தி இருக்கிற திசைக்கே திரும்பாமல் நிலையோடு ஒட்டி நின்றான்.

பேச்சை எப்படியாவது வேறு பக்கம் திருப்ப வேண்டுமென்று சங்கரலிங்கம் மனதில் கிடந்ததை எடுத்துப் போட்டார். "ஏலே, நீயே சொல்லு. அன்னைக்குக் கடைசியில பந்தை ஏன்லே குடுத்த?"

தருண் கொஞ்சம் யோசித்தான். "ஹரிஷ் அண்ணன் முன்னால யாருமில்ல முதலாளி. எம் முன்னால ரெண்டு பேரு."

"விழலையே?"

"விழலைதான். ஆனா நாளைக்கும் அப்படி ஒரு ஆளு சும்மா நின்னா, குடுத்துருவேன். போட்டே ஆகணும்னு நினைச்சீகன்னா கோயம்புத்தூர் ஆளையே எடுத்துக்கோங்க. சென்னையில ஒரு டீம்ல என்னையக் கேட்டிருக்காக. உங்ககிட்ட சொல்லாமப் போகக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

மூன்று வாக்கியத்துக்கு மேல் அவன் சேர்ந்தாற்போல் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. சங்கரலிங்கத்துக்குக் கோபம் வந்தது. சென்னை என்றதும் பயமும் வந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"அப்பா, பின்னால கோர்ட்டுக்கு வாங்க," என்றாள் ஆர்த்தி. "எல்லாரும் வாங்க. அஞ்சு நிமிசம்."

வீட்டுக்குப் பின்னால்தான் அணியின் பயிற்சி மைதானம். தங்கும் அறைகளின் முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த விளையாட்டு வீரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஆர்த்தி அப்பாவின் கையில் பந்தைக் கொடுத்து வளையத்துக்குக் கீழே கொஞ்சம் தள்ளி நிறுத்தினாள். அவருக்கு நேர் எதிரே ராஜபாண்டியனையும் சீனிவாசகத்தையும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னாள். செல்லக்கனியைப் பக்கவாட்டில், ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தினாள்.

"நான் என்ன செய்யணும்?" என்றார் செல்லக்கனி.

"ஒண்ணும் செய்ய வேணாம் ஆன்ட்டி, சும்மா நில்லுங்க. அப்பா, ஒரு புள்ளி பின்னால இருக்கோம். நான் அஞ்சு எண்ணுறதுக்குள்ள போடணும். மாமா, நீங்க ரெண்டு பேரும் விட்டுறாதீக."

விடுகிற எண்ணம் அவர்களுக்கு இல்லை. மனதிலிருந்த ஆங்காரமெல்லாம் சேர்ந்து ராஜபாண்டியன் கையை விரித்துக்கொண்டு முன்னேறினார். சீனிவாசகம் முன்னேறவே தேவையில்லாமல் வெயிலை மறைத்தார். ஆர்த்தி எண்ண ஆரம்பித்தாள். சங்கரலிங்கம் இடப்பக்கம் பார்த்தார், சீனிவாசகம். வலப்பக்கம் பார்த்தார், சீனிவாசகத்தின் மிச்சம். வேட்டி வேறு நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்தார். ஆர்த்தி நாலு என்றாள்.

அவர் பந்தைச் செல்லக்கனியிடம் எறிந்தார்.

ஆர்த்தி எண்ணுவதை நிறுத்தினாள்.

"ஏன்ப்பா குடுத்தீக?"

"ஏன்னா கேக்க? இவரு மலை மாதிரி முன்னால நிக்காரு, தங்கச்சி அங்கன சும்மா..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். தருண் ஷூ நாடாவைக் குனிந்து கட்ட ஆரம்பித்தான். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற செல்லக்கனிதான் சட்டென்று, "இப்ப நான் இதைப் போடணுமா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல், வந்த கோபத்தையெல்லாம் சேர்த்து, குடத்துத் தண்ணீரை வீசுவது போல இரண்டு கையாலும் வீசினார். பந்து போர்டுக்கு மேலே போய், சைக்கிள் ஷெட்டின் தகரக் கூரையில் இடியாக விழுந்தது. துணி காயப்போட்டவர்கள் கைதட்டினார்கள். முதலில் சிரித்தது ராஜபாண்டியன்தான். பிறகு செல்லக்கனிக்கே அடக்க முடியவில்லை. பட்டுச் சேலையோடு மைதானத்தில் உட்கார்ந்து சிரித்தார்.

"பாஸ் நல்ல பாஸ்தான்," என்றார் சங்கரலிங்கம் வேட்டியைச் சரிசெய்தபடி. எல்லாரும் கேட்கச் சொன்னார்.

திரும்பக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் ராஜபாண்டியன் பக்கம் திரும்பினார். "உங்களை இப்படி நிறுத்திட்டேன். மனசுல வச்சுக்கிடாதீக. நான் வாயைத் தெறந்து நேராச் சொல்லியிருக்கணும்."

"விடுங்க அண்ணாச்சி. எங்களுக்கும் ஆசை, காது அடைச்சுப்போச்சு."

"நீங்க ரெண்டு பேரும் இங்கன கட்டிப் புடிச்சுக்கிடுவீக," என்றார் செல்லக்கனி. "ஊருல நான் என்ன சொல்ல? பொன்மயில்காரவுக மூணு வருசத்துக்குப் பையனைக் கேட்டிருக்காகன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"வேலை நீட்டிச்சிருக்காகன்னு சொல்லுங்க. அதைத்தான் கேட்டாகன்னு சொல்லுங்க. முதல்ல ஒரு வருசம்னு போட்டு..." என்று இழுத்தார் சங்கரலிங்கம்.

"ஒரு வருசமா? மூணுன்னு சொல்லியிருக்கேன் அண்ணாச்சி. அதுல ஒரு நாள் கொறைஞ்சாலும் எதிர்வீட்டுக்காரிக்கு நான் பதில் சொல்ல முடியாது."

ஆர்த்தி மூணு கேட்டிருந்தாலும் இரண்டு வருடம் கிடைத்தால் போதுமென்று இருந்தவள். வாயைத் திறக்காமல் அப்பாவைப் பார்த்தாள். சங்கரலிங்கம் கையைப் பிசைந்தார். வியாபாரத்தில் எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறார். ஆனால் இந்த அம்மாவின் கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அவர் பிள்ளையை மாப்பிள்ளையாக்குகிறேன் என்று நம்ப வைத்துவிட்டு, எந்த முகத்தோடு பேரம் பேசுவது?

"சரி. மூணு."

"கை காலு ஒடிஞ்சா?"

"வைத்தியம் கம்பெனிப் பொறுப்பு," என்றாள் ஆர்த்தி. "எழுதியே குடுத்துடுறோம்."

"எங்கிட்ட யாராச்சும் கேட்டீகளா?" என்றான் தருண் நிலையோரத்திலிருந்து.

எல்லாரும் திரும்பினார்கள். உண்மையில் யாரும் கேட்கவில்லை.

"இருக்கியாலே?" என்றார் சங்கரலிங்கம். குரல் அவரே எதிர்பாராத அளவுக்கு இறங்கி வந்தது.

தருண் நிலையில் சாய்ந்துகொண்டான். சென்னைக்காரர்கள் நல்ல இடம்தான். ஆனால் இங்கே கோச்சுக்கு அவன் ஆட்டம் புரியும், ஹரிஷ் அண்ணன் எங்கே போய் நிற்பான் என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். முதலாளி பந்தை எறிந்துவிட்டு நின்ற நிலையையும் நினைத்துப் பார்த்தான். சிரிப்பு வந்தது.

"இருக்கேன் முதலாளி. கோயம்புத்தூர் ஆளையும் எடுங்க. அவரு நல்லாப் போடுவாரு, நான் குடுக்குறேன்."

இப்படித்தான் அது முடிந்தது. ஜூன் கடைசி வாரத்தில் கையெழுத்தானது. மல்லாங்கிணற்றில் சில பேர் இன்னமும் அது கல்யாணம்தான், ஏதோ தட்டிப்போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். செல்லக்கனி ஒப்பந்தத்தின் நகலைக் கடையில் கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டிவிட்டார். கேட்பவர்களுக்கு விரலால் தொட்டு மூணு என்கிற எழுத்தைக் காட்டுவார்.

ஆகஸ்டில் திண்டுக்கல்லில் நடந்த போட்டிக்குக் கோயம்புத்தூர்ப் பையனையும் சேர்த்துப் புது அணி போனது. கால் இறுதியிலேயே தோற்றது. அன்றைக்கு யாருமே தப்பு செய்யவில்லை, எதிரணி நன்றாக ஆடியது என்று ஆர்த்தி சொன்னாள். சங்கரலிங்கம் தகராறு செய்யாமல் ஒத்துக்கொண்டார். தருண் கொடுத்த பாஸ் ஒவ்வொன்றுக்கும் அவர் எழுந்து நின்று கைதட்டியதில் பக்கத்தில் இருந்தவர்கள் சங்கடப்பட்டார்கள். பந்து கூடையில் விழாதபோதும் தட்டினார்.

மதிய வெயிலில் பஸ் சிவகாசிக்குத் திரும்பியது. எல்லாரும் அசந்து தூங்கினார்கள். பின்னால் தண்ணீர் கேன் இருந்தது. சங்கரலிங்கத்துக்குத் தாகம். எழுந்து போனவர் நடுவழியில் நின்றார். தருணின் கால் இரண்டும் சீட்டில் கொள்ளாமல் நடைபாதையை மறித்து அடுத்த வரிசை வரைக்கும் நீண்டு கிடந்தன. தாண்டலாமா என்று ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். பஸ் குலுங்கியது. தூக்கிய காலைக் கீழே வைத்தார். எழுப்பினால் எழுந்துவிடுவான். பையன் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினான்.

அவர் சத்தம் போடாமல் முன்சீட்டுக்கே திரும்பிப் போய், விருதுநகரில் நிறுத்தும்வரைக்கும் தாகத்தோடு உட்கார்ந்திருந்தார்.